மழை அளவு போடற எடத்துல ரெண்டு வரி சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

கோடை மழை பேஞ்சா மறுநா காலைல உங்க பேப்பர்ல தாராபுரம் எத்தனை மில்லிமீட்டர், மூலனூர் எத்தனை, காங்கேயம் எத்தனைன்னு கட்டம் கட்டிப் போடறீங்க, எங்க ஊட்ல எல்லாரும் மொதல்ல அதைத்தான் பாப்போம். அந்தக் கட்டத்துக்குக் கீழ, சோளம் அறுத்த காட்டுல மறுதாம்பு, அதாவது அறுத்த கட்டைல துளுக்கற குருத்து கெளம்பும், அது வெசம், ஆடு மாட்ட அதுல விடாதீங்கன்னு ரெண்டே வரி போடுங்கன்னு கேக்கத்தான் எழுதறேன்.

போன சித்திரைல எங்க மயிலை மாடு இதுலதாங்க போச்சு. கன்னு போட்டு மூணு மாசம். மாசில சோள நாத்து அறுத்த காடு, தண்ணி இல்லாம கட்டையெல்லாம் காஞ்சு கெடந்துச்சு, ஒரு ராத்திரி நல்ல மழை, பத்தே நாள்ல ஒரு ஜாண் ஒசரத்துக்கு பச்சப்பசேல்னு தாம்பு கெளம்பிருச்சு. மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டுல கொழுக்கட்டைப்புல்லு ஒரு கத்தை கூட இல்லாத நேரம், ரெண்டு மாசமா வெறும் காஞ்ச தட்டையே மென்னுட்டு இருந்த மாடு அதைப் பாத்தா சும்மா இருக்குமாங்க. ஈர மண்ணுல மொளைக்குச்சிய புடுங்கிட்டுப் போயிருச்சு. நான் சோறாக்கிட்டு இருந்தேன், அரை மணி நேரம் கூட இருக்காது, கன்னு கத்தறதக் கேட்டு வெளிய வந்து பாத்தா மாடு நாலு காலையும் அகட்டி வெச்சு நடுங்கிட்டு நிக்குது, வாயத் தொறந்து மூச்சு வாங்குது, வாய் ஓரமா நுரை. நான் கிட்டப் போறதுக்குள்ள சாஞ்சிருச்சு. மாமனார் வயித்து உப்புசம்னு நெனச்சு எண்ணெய் ஊத்தப் போனாரு, இன்னொருத்தர் பாம்புன்னாரு, கால்நடை ஆம்புலன்சு நம்பர் 1962க்குப் போன் போட்டோம், வண்டி வர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு. அவங்களக் குத்தம் சொல்லலீங்க, அந்த வெசத்தோட வேகம் அப்படி.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறலை. பக்கத்துக் காட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு இருந்துச்சு, அவங்கதான் எதையோ வெச்சுட்டாங்கன்னு நான் அவங்க வாசல்ல போய் நின்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். சாயங்காலம் டாக்டர் வந்து மாட்ட அறுத்துப் பாத்தாரு. ரத்தம் குங்குமத்தக் கரைச்ச மாதிரி அத்தனை பளிச்சுன்னு செவப்பு. வயித்துக்குள்ள முழுக்க மெல்லாத சோளக் குருத்து. "அம்மா, இது யாரும் வெச்ச வெசம் இல்ல, பயிருக்குள்ளயே இருக்கற சயனைடு"ன்னாரு. அடுத்த நா அந்த அக்கா கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டேன், அவங்களும் அழுதாங்க.

அப்பறம் அந்த டாக்டர்கிட்டயும் வேளாண்மை படிச்ச எங்க சித்தப்பா பையன்கிட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். எளஞ்சோளத்துல துரின்ங்கற ஒரு பொருள் இருக்கு, பயிரு கடிபட்டு நசுங்கினா அதுல இருந்து சயனைடு வெளிய வரும், அசை போடற மாட்டோட வயித்துல இருக்கற நுண்ணுயிரு அதை இன்னும் வேகமாப் பிரிச்சு விட்டுரும். ரத்தத்துல பிராணவாயு இருக்கும், ஆனா ஒடம்பால அதை எடுத்துக்க முடியாது, அதனாலதான் ரத்தம் அப்படிச் செவந்து போகுது. மாட்டோட எடைல கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் போனாலே உசுருக்கு ஆபத்தாம், அப்படின்னா 300 கிலோ மாட்டுக்கு ஒரு கிராம் கூட வேண்டாமுங்க. வறட்சில வாடி நின்னு மழைக்குத் துளுக்கற தாம்புலயும், யூரியா கூடப் போட்ட காட்டுலயும் இது ரொம்ப அதிகம். பூட்டை, அதாவது கதிரு வாங்கற பருவத்துல கொறஞ்சிரும். கோ 29 மாதிரி அறுத்து அறுத்துப் போடற சோளத்த மொத அறுப்பு 65 நாள், அப்பறம் 50 நாளைக்கு ஒருக்கான்னு சொல்றது வெளைச்சலுக்கு மட்டும்னு நெனச்சுட்டு இருந்தேன், எளசுல அறுத்துப் போட்டா ஆபத்துன்னு இப்பத்தான் புரியுது. அரை நாள் வெயில்ல வாட்டிப் போட்டா சரியாயிரும்னு சிலபேர் நெனைக்கறாங்க, அது தப்பு, வாடினதுலயும் வெசம் இருக்கும், சலசலன்னு நல்லா காயணும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் தழையத் தின்னு ஆடு சாகறதும் இதே சயனைடாலதான்.

மருந்து இல்லாம இல்ல. சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டுன்னு ரெண்டு, டாக்டர்தான் நரம்புல போடணும். தயோசல்பேட்டுன்னா வேற ஒண்ணுமில்ல, பழைய போட்டோ ஸ்டுடியோவுல படம் கழுவ வெச்சிருந்த ஹைப்போ உப்புதான். அத்தனை சாதாரண மருந்து, நேரத்துக்குக் கெடைச்சா மாடு எந்திரிச்சு நிக்குமாம். சித்திரை, வைகாசில மட்டுமாவது கிராமத்து கால்நடை மருந்தகம் ஒவ்வொண்ணுலயும் இது கைக்கெட்டற எடத்துல இருக்கணும், தீவன சோள வெதைப் பாக்கெட்டு மேல எத்தனை நாளுக்கு முன்னால மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு பெருசா அச்சடிக்கணும். இதையும் நீங்க எழுதுனா நல்லது.

எங்க ஆத்தா காலத்துல பூட்டை வராத சோளக் காட்டுப் பக்கமே மாட்ட ஓட்ட மாட்டாங்க. எங்களுக்கு அதை யாரும் சொல்லலை, சொன்னாலும் காதுல போட்டுக்கலையோ என்னவோ. இப்ப கொரங்காட்ட வித்துட்டு ரெண்டு மாடு மட்டும் வெச்சிருக்கற ஊடுகதான் அதிகம், வேலைக்கு வர்ற வெளியூர்ப் பசங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

நேத்து ராத்திரி எங்க பக்கம் மழைங்க. இன்னும் ஒரு வாரத்துல தாம்பு கெளம்பிரும். அதுக்குள்ள போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி