அர்மன்யாக் மலிவான கொன்யாக் அல்ல

ஆசிரியருக்கு,

பிரெஞ்சு மதுவகைகள் பற்றிய கட்டுரையில் அர்மன்யாக்கை ‘மலிவான கொன்யாக்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரண்டும் திராட்சை மதுவைக் காய்ச்சி வடிக்கும் பிராந்திதான், ஆனால் ஒன்றல்ல. தென்மேற்குப் பிரான்சின் ஜெர்ஸ் பகுதியில் 11 வருடமாகத் திராட்சைக் கொடி கவாத்து செய்கிறவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

கொன்யாக்கை இரண்டு முறை காய்ச்சுவார்கள். அர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே தடவைதான், உயரமான செம்புக் கலனில். அதனால் பழ வாசனையும் கொஞ்சம் முரட்டுத்தனமும் தங்கிவிடும். சின்னத் தோட்டக்காரர்கள் பலரிடம் சொந்தக் கலன் கிடையாது. சக்கரம் வைத்த கலன் ஊர் ஊராக வரும். நவம்பரில் அது எங்கள் முதலாளியம்மா வீட்டு முற்றத்தில் வந்து நின்றால் இராப்பகலாக விறகு தள்ள வேண்டும். நானும் முறை வைத்துத் தள்ளியிருக்கிறேன் (கண் அசந்தால் திட்டு விழும்). சொட்டுவது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த பிறகுதான் அந்தப் பழுப்பு.

எங்கள் கொடிகளில் பாதி பாக்கோ ரகம். ஃபிரான்சுவா பாக்கோ என்ற பள்ளி ஆசிரியர் 1898-ல் உருவாக்கிய கலப்பினம் அது.

அப்புறம், எங்கள் பகுதி இனிப்பு மதுவான ஃப்ளொக் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! புதுத் திராட்சைச் சாற்றில் அர்மன்யாக் சேர்த்தால் நொதிப்பு நின்று இனிப்பு அப்படியே தங்கும். 1990-லிருந்து அதற்கும் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு (வேறு பகுதியில் செய்ததற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது). இங்கே விருந்தாளி வந்தால் முதலில் ஊற்றுவது கொன்யாக் அல்ல, குளிரவைத்த ஃப்ளொக்தான்.

வாசகர் ஒருவர்,
ஓஷ், பிரான்ஸ்