புதுக் கோச்சின் முதல் சீசன்

12 ஜனவரி 2025

அன்பு கயல்,

உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புது ஹெட் கோச் வந்தும் வீடியோ பிரிவில் உன்னை அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்று அறிந்து மனம் குளிர்ந்தது. ஸ்பிரிங் பயிற்சி தொடங்குவதற்குள் ஒரே ஒரு அணியின் ஆட்டங்களை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தாலும், இப்போது முடிந்த 2024 சீசனின் இந்தியானா பல்கலைக்கழக அணியைப் பார். புதிதாக வரும் கோச் ஒருவர் எதை முதலில் சரிசெய்கிறார், எதை ஒரே வருடத்தில் சரிசெய்ய முடியாது என்ற இரண்டுமே அந்த 13 ஆட்டங்களில் இருக்கின்றன.

2023இல் அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வி. அதற்கு முன் ஒரு சீசனில் ஒன்பதுக்கு மேல் ஜெயித்த வரலாறே கிடையாது. அந்த ஒன்பதும் 1945இலும் 1967இலும்தான். புது ஹெட் கோச் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருடம் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று, 11-2 என்று முடித்து, தேசியப் பட்டத்துக்கான, 12 அணிகளாக விரிந்த பிளேஆஃபுக்குள்ளும் போனார்கள்.

கோச்சின் ஆவேசப் பேச்சுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பு அவர் இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்கள் அவரோடு வந்தார்கள். ஆஃபென்ஸை (தாக்கும் பிரிவை) நடத்தும் கோச் மைக் ஷானஹன், டிஃபென்ஸை (தடுக்கும் பிரிவை) நடத்தும் கோச் பிரையன்ட் ஹெய்ன்ஸ் இருவரும் அங்கிருந்தே வந்தவர்கள். தடுக்கும் பிரிவின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் எய்டன் ஃபிஷர், முன்வரிசை ஓரத்து டிஃபென்சிவ் எண்ட் மிக்கேல் கமாரா, ரிசீவரைக் காக்கும் கார்னர் டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், பாஸ் பிடித்து 957 கஜம் சேர்த்த ரிசீவர் எலைஜா சாரட் எல்லோரும் அந்தப் பதின்மூன்றில் அடக்கம். ஸ்பிரிங்கில் விதிப்படி கிடைப்பது 15 பயிற்சி நாட்கள்தான். சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், அதற்குமேல் கூடாது. இவ்வளவு குறைந்த நேரத்தில் புது ஆட்டமுறையை எண்பது தொண்ணூறு பேருக்குக் கோச்சுகள் மட்டுமே கற்றுக்கொடுத்து முடிக்க முடியாது. ஒவ்வொரு வரிசையிலும் ஏற்கெனவே தெரிந்த ஒருவன் நின்றால், பக்கத்தில் இருப்பவனுக்கு அவனே சொல்லிக்கொடுத்துவிடுவான். உங்கள் கோச்சோடு எத்தனை பேர், எந்தெந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார். சென்டரோ (தாக்கும் வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் தருபவர்) நடு லைன்பேக்கரோ வந்திருந்தால் பாதி பாரம் இறங்கியது.

வெளியிலிருந்து எடுத்த வீரர்களிலும், ஆடிக் காட்டியவர்களைத்தான் அவர் தேடினார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பல சீசன் ஆடியவர். (ஒஹாயோ ஸ்டேட் வேறு, குழப்பிக்கொள்ளாதே.) இங்கே 29 டச் டவுன் பாஸ், எதிரணி பறித்த பாஸ் (இன்டர்செப்ஷன்) 5 மட்டுமே. முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே சீசன் முழுக்க ஆடியிருக்கிறார் என்பது முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அவர்களுடைய ஆர்.பி.ஓ.க்களை (ரன்-பாஸ் ஆப்ஷன், ஓட்டமா பாஸா என்று அந்த நொடியில் முடிவாகும் ஆட்டமுறை) நீ தனியாக வெட்டி வைக்க வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை, அதை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே ஒரு லைன்பேக்கரைப் பார்க்கிறான். அவன் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் பந்தை இழுத்து அவன் விட்டுவந்த இடத்தில் எறிவான், நின்றால் கொடுத்துவிடுவான். இது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். குவார்ட்டர்பேக் முடிவெடுக்கத் தாமதித்தால், ரன்னிங் பேக் கையை மூடிவிட்டிருப்பான். இருவரும் இழுத்துப் பந்து கீழே விழும். அடுத்தது, முன்வரிசையில் நின்று வழிவிடச் செய்யும் லைன்மேன். அவனுக்கு இது ஓட்டம்தான், முன்னே போய்க்கொண்டே இருப்பான். பந்து கையை விட்டுப் போகுமுன், ஆட்டம் கிளம்பிய கோட்டிலிருந்து மூன்று கஜத்தைத் தாண்டிவிட்டால் கொடி, ஐந்து கஜம் அபராதம். பக்கவாட்டுக் கேமராவில் மூன்று கஜம் தெரியும், பந்து கைமாறும் இடம் தெரியாது. அதற்கு மைதானத்தின் கோடியில், எண்ட் ஸோனுக்குப் பின்னால் வைக்கும் கேமரா வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆர்.பி.ஓ.வுக்கும் இரண்டு கோணத்தையும் சேர்த்தே கோத்துவிடு. டவுன் (எத்தனையாவது முயற்சி என்பது), மீதித் தூரம் மட்டும் போடாமல், எந்த லைன்பேக்கரைப் பார்த்தான் என்பதற்கும் ஒரு பத்தி வை. கோச்சுகள் கேட்பதற்கு முன்பே அது உன்னிடம் இருக்கட்டும்.

வெற்றிகளில் யூ.சி.எல்.ஏ.வை 42-13, நெப்ராஸ்காவை 56-7 என்று சாய்த்ததெல்லாம் வேகமாகப் பார்த்துத் தள்ளலாம். மிச்சிகனோடு ஆடிய 20-15 ஆட்டத்தை மெதுவாகப் பார். முதல் பாதியில் நன்றாக ஓடிய ஆஃபென்ஸ், இரண்டாம் பாதியில் ஒரு ஃபீல்ட் கோலோடு நின்றுபோனது. நடுவில் நிற்கும் கனத்த டிஃபென்சிவ் லைன், சென்டருக்கு இருபக்கமும் நிற்கும் கார்டுகளைப் பின்னுக்குத் தள்ளினால், குவார்ட்டர்பேக்குக்கு லைன்பேக்கரைப் பார்க்கவே நேரம் இருக்காது. ஜெயித்த ஆட்டம் என்பதால் அந்த எச்சரிக்கை பலர் கண்ணில் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் அதுவே பெரிதாக வெடித்தது. 38-15. ரூர்க்கைப் பாஸ் எறியுமுன்பே ஐந்து முறை வீழ்த்தினார்கள் (சாக்); பாஸில் கிடைத்தது 68 கஜம். லட்சம் பேர் கத்தும் இடத்தில் குரல் எடுபடாது; கார்டு பின்னால் திரும்பிப் பார்த்துச் சென்டரைத் தட்டி, ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் தருவதற்கு) சைகை சொல்ல வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் முதல் அடி எதிராளிக்குத்தான். அதோடு பன்ட்டிலும் (பந்தை எதிராளிக்கு உதைத்துக் கொடுப்பதில்) கோட்டைவிட்டார்கள்: முதல் பாதி முடியும் நேரத்தில் பன்ட்டர் ஸ்னாப்பைத் தவறவிட்டு, சொந்த எல்லைக்கு அருகிலேயே பந்து பறிபோனது. பிறகு ஒஹாயோ ஸ்டேட்டின் கேலப் டவுன்ஸ் ஒரு பன்ட்டை 79 கஜம் திருப்பி ஓடினார். புதுக் கோச்சின் முதல் வருடத்தில், இப்படி உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகள்தான் கடைசியில் தேறும். ஏனென்றால் அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வரிசைக்காரர்கள். போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில்) எடுத்தவர்கள் முதல் வரிசையைத்தான் நிரப்புவார்கள்.

பிளேஆஃபில் நோட்ர டேமில் 27-17 என்று தோற்றார்கள். அங்கே ரூர்க்கின் பாஸ் கோல் கோட்டருகே பறிபோன உடனேயே நோட்ர டேமின் ஜெரமயா லவ் 98 கஜம் ஓடினார். அந்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்.

மிச்சிகன் ஆட்டத்தின் இரண்டாம் பாதியையும், ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தின் பன்ட்டுகள் அனைத்தையும் முதலில் வெட்டி வை. உங்கள் லைன் கோச்சும் சிறப்பு அணிக் கோச்சும் ஸ்பிரிங்கின் முதல் வாரத்திலேயே கேட்பார்கள். எண்ட் ஸோன் கோபுரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள் அம்மா. காற்று அடித்தால் கோச் சொன்னாலும் ஏறாதே.

அன்புடன்,
அப்பா