ஒரு பாட்டில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதுகுவலிக் கட்டுரையில், படுத்தாலும் விடாத வலியும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் புற்றுநோயா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டாம். முதுகெலும்பில் வரும் காசநோயும் இதே வேஷத்தில்தான் வரும். என் அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘பரவிய புற்றாக இருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த ‘இருக்கலாம்’ எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அப்புறம் பெட் ஸ்கேன். அதிலும் அந்த எலும்பு பளிச்சென்று தெரிந்தது. அண்ணி அன்றோடு சாப்பாட்டை விட்டார். சர்க்கரையை அதிகமாக இழுக்கும் இடமெல்லாம் அந்தப் படத்தில் ஒளிரும், கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் கூடியிருக்கும் இடமும் அப்படித்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

படத்தில் துப்பே கிடைக்காது என்றில்லை. சீழ் வைக்கும் சாதாரணக் கிருமி, எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கைச் சீக்கிரமே அரித்துவிடும். புற்று பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பைப் பிடிக்கும். காசநோய்தான் ஆளைக் குழப்பும். தொடக்கத்தில் டிஸ்க்கைத் தொடாமலே இருக்கும். சில சமயம் ஒரே எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். அண்ணனுக்கு இருமலே கிடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் தீராது என்றார்கள்.

எடுத்தார்கள். கோட்டைவிட்டது அங்கேதான். நூல் நூலாக வந்த மூன்று துணுக்குகளும் ஒரே பாட்டிலில், ஃபார்மலினுக்குள் போயின. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், கிருமியைக் கொன்றுவிடும். 10 நாள் கழித்து ‘புற்றுச் செல் இல்லை, அழற்சி மட்டும்’ என்று முடிவு வந்தது. சரி, என்ன கிருமி என்று கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யுங்கள் என்றால், செத்த கிருமி எப்படி வளரும்? அண்ணனை மறுபடி குப்புறப் படுக்கவைத்து, மறுபடி ஊசி. இந்த முறை ஒரு பாட்டிலில் ஃபார்மலின், இன்னொன்றில் வெறும் சலைன். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை அன்றைக்கே காசநோய் என்று காட்டிவிட்டது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது. கல்ச்சர் முடிவு வர 6 வாரம் ஆயிற்று.

இன்னொன்று. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஊசிக்கு முன்பே ஆன்டிபயாடிக் தொடங்கினால் கிருமி பிடிபடாமல் போகலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்ஃபோமா வகைப் புற்றே ஒளிந்துகொள்ளும். கால் வலுவிழக்கிறது, சிறுநீர் அடைபடுகிறது, காய்ச்சலில் ஆள் துவள்கிறார் என்றால் கதை வேறு. அப்போது எதற்கும் காத்திருக்கக் கூடாது.

அண்ணன் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது தானே குனிந்து செருப்பு மாட்டுகிறார், கொஞ்சம் முனகிக்கொண்டே. கட்டுரையாளர் மீண்டும் எழுதினால் இந்த இரண்டு பாட்டில் விஷயத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஊசி அறைக்குள் போகும் முன்பு, ‘துணுக்கு கல்ச்சருக்கும் போகிறதா?’ என்று கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்தால் அண்ணனுக்கு அந்த இரண்டாவது ஊசி மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி