ஆட்டோக்காரர் பையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டுமா?

சிறுகதைப் போட்டி நடத்தும் இதழ்கள், அறக்கட்டளைகள், வாசகர் வட்டங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போட்டிக்கு வரும் கதைகளை முதல் சுற்றில் படித்துத் தருகிறவர்களில் ஒருவன் நான். எங்கள் பெயர் விழா அழைப்பிதழில் வராது. ஆனால் நடுவர் கைக்குப் போகாத கதைகளையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் நாங்கள்தான். அந்தக் கட்டுகளில் சிலரைத் தவறாமல் சந்திக்கிறேன். பயணி விட்டுச்சென்ற நகைப்பையைத் தேடிவந்து கொடுக்கும் ஆட்டோக்காரர். முதியோர் இல்லத்தில் இருந்தபடியே அமெரிக்க மகனை மன்னித்துவிடும் அம்மா. பத்துப் பாத்திரம் தேய்த்து மகளைக் கலெக்டர் ஆக்கிவிடும் அக்கா. கதைக்குக் கதை ஊரும் பேரும் மாறும், ஆள் மாறுவதில்லை.

எழுதுகிறவர்களுக்குச் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். ‘சமூகத்துக்குப் பயனுள்ள நல்ல கருத்தை வலியுறுத்த வேண்டும்’ என்று ஒரு வரி, ஏதோ ஒரு வடிவில், பல அறிவிப்புகளில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுத உட்காருகிறவர் முதலில் கருத்தைத்தான் தேடுவார். நேர்மை என்று முடிவாகும். அப்புறம் அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமே, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவார். பாவம், அந்த மனிதருக்கு நேர்மையைத் தவிர வேறு எதுவுமே இருக்காது.

அவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வண்டி சொந்தமா, வாடகையா? வாடகை வண்டி என்றால் இன்றைக்குக் கட்டவேண்டிய பணம் சேர்ந்துவிட்டதா? சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் விலை எங்கேயோ போன பிறகும் அது பல வருஷம் அப்படியே கிடந்தது. இவர் மீட்டர் போடுகிறவரா, பேரம் பேசுகிறவரா என்று தெரிந்தாலே பாதி ஆள் தெரிந்துவிடும். சரி, பின்சீட்டில் பை கிடக்கிறது. திறந்து பார்த்தாரா? வண்டியை எங்கே ஓரங்கட்டிப் பார்த்தார்? உடனே திரும்பினாரா, ஒரு டீ குடித்து யோசித்துவிட்டுத் திரும்பினாரா?

பையைக் கொடுத்த கையோடு, “அண்ணா நகர்லேர்ந்து காலி வண்டியா திரும்பி வந்திருக்கேம்மா, 200 ரூபா குடுத்துடுங்க” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்மா 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். இவர் சட்டைப்பையைத் துழாவி, மீதி 300 ரூபாயை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். இந்த ஆளை நான் நம்புவேன். இவர் வண்டியில் ஏறவும் செய்வேன். நேர்மை இவருக்கும் இருக்கிறது, ஆனால் அது இவர் கணக்குப்படி நடக்கிற நேர்மை.

இப்படி ஒரு கதை வந்தால் உங்கள் நடுவர் என்ன செய்வார்? அந்த 200 ரூபாய் பாத்திரத்தின் உயர்வைக் கெடுக்கிறது என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் இரண்டு வரியில் சொல்லிக் கைதட்டல் வாங்க வசதியான கதையாக அது இருக்காது, பாருங்கள்.

சிலர் கதைக்கு அடியில் ‘இது உண்மைச் சம்பவம்’ என்று குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். நடந்ததா இல்லையா என்பது வாசகனுக்கு ஒரு பொருட்டே இல்லை. 1943-இல் புதுமைப்பித்தன், சென்னையில் கந்தசாமிப் பிள்ளை என்று ஒருவர் கடவுளைச் சந்திப்பதாகக் கதை எழுதினார். நடக்கிற காரியமா அது? ஆனால் கடவுள் வருவதற்கு முன்பே கந்தசாமிப் பிள்ளை நம் ஆளாகிவிடுகிறார். பிராட்வே முனையில் நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சும் சில்லறையில் வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிச் சென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி கிடைக்கும், ஆனால் வெற்றிலை கிடையாது. அப்புறம் கடவுளே வந்தாலும் அவரிடம் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கத்தான் செய்வார் இவர். கேட்கிறார். அதனால்தான் கடவுளையும் சேர்த்து நம்பிவிடுகிறோம். ‘கருத்து’ என்று மதிப்பெண் போட்டால் அந்தக் கதை உங்கள் போட்டியில் தேறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கெட்டவர்கள் பாடு இன்னும் மோசம். வட்டிக்கு விடுகிறவர் என்றால் முறுக்கு மீசை, தங்கச் சங்கிலி, ஒரு சிரிப்பு. வில்லனுக்கும் நல்ல பக்கம் வேண்டும் என்று எங்கேயோ கேட்டுவிட்டவர்கள் அவருக்கு ஒரு நாய்க்குட்டியை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் தொழிலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தண்டலில் 10,000 ரூபாய் கேட்டால் 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். அதிக வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்தாயிற்று, தொழில் நிற்கவில்லை. அவர் தன்னைக் கெட்டவனாக நினைப்பதில்லை. “ஜாமீன் இல்லாம எந்த பேங்குல இவங்களுக்குக் குடுப்பான்?” என்று மனசாரக் கேட்பார். கதையில் இருக்கிற யாராலும் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாதபோதுதான் அவரைக் கண்டு பயம் வருகிறது. மீசைக்கு யார் பயப்படுகிறார்கள்?

வட்டார வழக்கு பற்றியும் ஒரு வார்த்தை. நாலு ‘ஏலே’ தூவினால் நெல்லைக்காரர் வந்துவிட மாட்டார். நாலு பேர் முன்னால் புருஷனை ‘ஏங்க’ என்று கூப்பிடும் ஒரு பெண் கதவைச் சாத்திய பிறகு எப்படிக் கூப்பிடுகிறாள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதைக் கதையில் சொல்லக்கூட வேண்டாம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அறிவிப்பிலிருந்து அந்த ‘நல்ல கருத்து’ வரியை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் தாளில் கருத்துக்கு ஒதுக்கியதைப் பாத்திரங்களுக்குக் கொடுங்கள். முடிவு அறிவிக்கும்போது, பரிசுக் கதையில் எந்த ஆள் மனதில் நின்றார், எதனால் நின்றார் என்று நடுவர் ஒரு பத்தி எழுதட்டும். அடுத்த வருஷம் எழுதப்போகிறவருக்கு அது பயன்படும்.

ஒரே ஒரு வருஷம் இப்படி நடத்திப் பாருங்கள். எத்தனை கட்டு வந்தாலும் முதல் சுற்றை நான் படித்துத் தருகிறேன். வழக்கம்போல அழைப்பிதழில் பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு முதல் சுற்று வாசகன்