கண் போன கதைக்கு ஒன்றரைப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்ற எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மகள் வாசித்துக் காட்டினாள். "சில சர்ச்சைகளில் சிக்கினாலும் அகக்கண்ணால் உலகை வென்றார்" என்ற வரி வந்ததும், போதும் நிறுத்தம்மா என்றேன்.

அது என்ன சர்ச்சை என்று தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1926இல் அவர் எழுதிய 'ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து' என்ற நூல். இஸ்லாத்துக்கு முந்தியவை என்று போற்றப்பட்ட பாடல்களில் பெரும்பகுதி, குலப்பெருமைக்கும் அரசியலுக்கும் இலக்கணச் சான்றுக்கும் வேண்டிப் பிற்காலத்தார் கட்டியவை என்றார். கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விப் பீடமான அல்-அஸ்ஹர் கொதித்தது. நூல் திரும்பப் பெறப்பட்டது. அரசு வழக்கறிஞர் வரை போன புகார் 1927இல் கைவிடப்பட்டது. சில பகுதிகளை நீக்கி, தலைப்பை மாற்றி மறுபடி வெளியிட்டார். அடிப்படை வாதத்தை விடவில்லை. சங்கப் பாட்டின் காலத்தை வகுப்பில் கேள்வியாக வைத்ததற்கே சக ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்தத் துணிச்சலின் விலை எனக்குத் தெரியும். தங்கள் கட்டுரையில் அதற்கு அரை வரி.

கண் போன கதையை 'அல்-அய்யாம்' என்ற தன்வரலாற்று நூலில் அவரே சொல்லியிருக்கிறார். தன்னைப் படர்க்கையில் நிறுத்தி, நாவிதர் செய்த வைத்தியத்தை ஒப்பாரி இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார். கண்ணீர் தங்கள் கட்டுரையாளர் உபயம். 1914இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது அல்-மஅர்ரி என்ற இன்னொரு பார்வையற்ற கவிஞரைப் பற்றிய ஆய்வுக்கு. பரிதாபத்தைத் தேடி அலைந்த கட்டுரையாளர் இதை எப்படித்தான் கோட்டை விட்டாரோ! அரசியல்வாதிகளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர தாஹா ஹுசைன் எதிர்ப்புத் தெரிவித்ததும், 1932இல் பல்கலைக்கழகப் பதவி பறிபோனதும், 1950இல் கல்வி அமைச்சராகி இடைநிலைப் பள்ளிக் கட்டணத்தை ஒழித்ததும் கட்டுரையில் இல்லவே இல்லை.

எனக்கு இந்த மரியாதை பழகியதுதான். என் பணி ஓய்வு விழாவில் எல்லாரும் என் வெள்ளைக் கோலைத்தான் பாராட்டினார்கள். குறுந்தொகையை நான் எப்படி நடத்தினேன் என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. தாங்களும் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால்தான் எங்களைத் தேடுகிறீர்கள். நான் அனுப்பிய நூல் மதிப்புரைகளுக்கு 'கிடைத்தது' என்று ஒரு வரிப் பதில்கூட வந்ததில்லை.

இணையப் பதிப்பில் பக்கங்களைப் படமாகவே ஏற்றுகிறீர்கள். என் கணினியின் திரைவாசிப்பான் அதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காது. பார்வையற்றவரைப் புகழும் கட்டுரைக்காக, மகள் வேலை முடிந்து வரும்வரை உட்கார்ந்திருந்தேன். இனியாவது கட்டுரைகளை எழுத்து வடிவிலும் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
திருநெல்வேலி