திரும்ப மாறிவிடாதா என்று கேட்டாயே

அன்புள்ள மலர்,

பாப்பாவுக்கு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று பேசும்போது ஒன்று கேட்டாய்: "உயிருள்ள கிருமியைத்தானே போடுகிறார்கள், உள்ளே போய்ப் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டால்?" நல்ல கேள்வி. சளிப் பரிசோதனை லேபிலேயே காலம் தள்ளியவளிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

பி.சி.ஜி. என்பது மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியின் வாரிசு. பிரான்சில் லீல் நகரத்தில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908-இல் அதை மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றுவார்கள். இப்படியே 13 வருடம், 230 தடவை. நடுவில் உலகப்போர் வந்து ஜெர்மன் படை ஊரைப் பிடித்தபோதும் விடவில்லை. கிருமி மெல்லச் சாதுவானது. 1921-இல் பாரிசில் முதல் குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். கிருமிக்குள் என்ன மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

அது 1996-இல்தான் பிடிபட்டது. மரபணுத் தொடரில், அதாவது கிருமியின் குணங்களை எழுத்து எழுத்தாக எழுதி வைத்த குறிப்பில், ஒரு துண்டையே காணோம்! சுமார் 9,500 எழுத்து நீளம், ஒன்பது மரபணு, ஆர்.டி.1 என்று பெயர். காசநோய்க் கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் வெள்ளணு அதை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். கிருமி சில புரதங்களை வெளியே தள்ளி அந்தப் பையைக் கிழிக்கும். அந்தப் புரதங்களையும், அவற்றை வெளியே தள்ளும் பொறியின் பாகங்களையும் செய்கிற மரபணுக்கள்தான் தொலைந்தவை. உருளைக்கிழங்கில் கிருமியை விழுங்க யார் இருக்கிறார்கள்? பட்டணத்தில் குடியேறியவன் கலப்பையை விற்றுவிடுவது மாதிரி, அங்கே அது போனதில் நஷ்டமில்லை. பிற்பாடு அந்தத் துண்டைத் திரும்பச் செருகிப் பார்த்தார்கள். வீரியம் கூடியது, ஆனால் முழுதாக வரவில்லை. ஆக, வேறு இழப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் லேப் ஆட்களுக்குப் பழக்கமான இன்னொரு ஜோடி எச்37ஆர்வி, எச்37ஆர்ஏ. இரண்டும் 1905-இல் அமெரிக்காவில் ஒரே நோயாளியிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமியின் வழி வந்தவை. முன்னது நோய் தரும், பின்னது தராது. ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால் நீலப் பின்னணியில் ஆர்வி சிவப்பாக, ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிய கயிறாகத் தெரியும். ஆர்ஏ அப்படி முறுக்கி நிற்காது, இஷ்டத்துக்குக் கிடக்கும். ஆர்ஏ சாதுவாக இருப்பதற்கு ஒரு காரணம், போபி என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியது. பி.சி.ஜி. தொலைத்துவிட்ட, பையைக் கிழிக்கும் முக்கியப் புரதத்துக்கு ஆர்ஏவிடம் மரபணு இருக்கிறது, ஆனால் அதை வெளியே விடுவதில்லை.

உன் கேள்விக்குப் பதில் இங்கேதான். ஓர் எழுத்து பிசகினால், இன்னொரு பிசகில் அது சரியாகிவிட வாய்ப்பு உண்டு. துண்டே போய்விட்டால் எதைப் பார்த்துத் திருப்பி எழுதுவது? நூறு வருடமாகக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டும் பி.சி.ஜி. பழைய கிருமியாகத் திரும்பியதில்லை.

அப்புறம், மரபணு கெட்டால் கிருமி வலுவிழக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாதே. தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் கவ்எஸ் என்ற மரபணு கெட்டால், நச்சுகளை அடக்கி வைத்திருந்த பிடி விட்டுப்போகும். தசையைத் தின்னும் அளவுக்குப் போகும் தொற்றுகளில் இப்படி மாறிய கிருமிகள் கிடைக்கின்றன.

நீ இருக்கும் ஜெர்மனியிலேயே லூபெக் நகரத்தில் 1930-இல் பி.சி.ஜி. மருந்து கொடுத்த பச்சைக் குழந்தைகளில் எழுபதுக்கும் மேல் இறந்துபோயின. கிருமி திரும்பிவிட்டது என்றுதான் முதலில் பயந்தார்கள். விசாரித்தால், அந்த ஊர் லேபில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். லேபில் லேபிள் ஒட்டாத குழாயைக் கண்டால் நான் கத்துவது இதனால்தான்.

இதை மந்திரம் என்றும் நம்பாதே. நம் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்து நல்ல பாதுகாப்பு. ஜெர்மனியில் நோய் குறைவு. 1998 முதல் பரிந்துரைப்பதில்லை, சரி. நீ பாப்பாவோடு இங்கே ஆறு மாதம் இருக்கப்போகிறாய், கணக்கு வேறு. பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைக்கு மட்டும் இந்தச் சாதுக் கிருமியும் ஆபத்து. அதனால் மாப்பிள்ளை குடும்பத்தில் கைக்குழந்தைகள் அப்படித் தொற்று வந்து இறந்தது உண்டா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடு.

போட்ட சில வாரத்தில் தோளில் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தானே ஆறும். களிம்பு, மஞ்சள் எதையும் தடவாதே. உன் அத்தை தடவச் சொன்னாலும் தடவாதே. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா