சட்பரியில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகன்,

குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கினாயா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. புது வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, போதைப் பழக்கத்தை விட டொக்டர் தருகிற அந்த மெதடோன் மருந்து இனி வேண்டாம், ஒரேயடியாக விடப்போகிறேன் என்றாயாம். போன் எடுக்காததும் அதனால்தானா?

விட விரும்பினால் விடு. ஆனால் ஒரேயடியாக விடாதே. முதல் நாள் ஒன்றும் தெரியாது; இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உடம்பு நோவும் வயிற்றோட்டமும் தொடங்கும், கிழமைக்கணக்கில் இழுக்கும். டொக்டர் என்றால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். தாங்க முடியாவிட்டால் அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பார்.

நோவை நீ தாங்குவாய். என் பயம் அதற்குப் பிறகு. பழக்கம் விட்டுப்போன உடம்போடு ஒருதரம் அந்தப் பழைய போதைச் சாமானைத் தொட்டாலும் மூச்சு நின்றுவிடும். இப்போது தெருவில் விற்கிறதில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான போதைமருந்து கலந்திருக்கு.

ஸ்காபரோவில் பனி கொட்டுகிற காலையிலும் பார்மசிக்காரர் முன்னால் அந்த ஒரேஞ்ச் ஜூஸ் கலந்த மருந்தைக் குடித்து, வெறும் கப்பைக் காட்டிவிட்டு வேலைக்கு பஸ் ஏறினாய். அந்த ஒழுங்கை நம் வீட்டில் வேறு ஒருவரிடமும் நான் காணவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இதை அம்மாவிடம் மறைக்கலாமா?

அங்கே ஆட்களைத் தெரியாது என்று சொல்லாதே. போதைப் பழக்கத்துக்கு எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்கிற கனெக்ஸ் ஒன்ராறியோவுக்கு எடு: 1-866-531-2600. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், காசில்லை, பெயர் சொல்லாமலே கதைக்கலாம். பக்கத்தில் 'ராம்' (RAAM) கிளினிக், அதுதான் போதைப் பழக்கத்துக்குக் கெதியாக வைத்தியம் பார்க்கிற இடம், எங்கே என்று கேள். அதற்குக் குடும்ப டொக்டரின் கடிதம் தேவையில்லை. உன் அளவையும் கடைசியாகக் குடித்த நாளையும் பழைய கிளினிக்கிலிருந்து அங்கே அனுப்பச் சொல். மூன்று நாள் தொடர்ந்து விட்டிருந்தால், கையில் போத்தல் இருந்தாலும் பழைய அளவைக் குடிக்காதே. டொக்டர் பெரும்பாலும் குறைத்துத்தான் திரும்பத் தொடங்குவார். தினமும் பார்மசிக்குப் போவதுதான் கரைச்சல் என்றால் மெதடோனுக்குப் பதிலாகத் தருகிற சுபொக்சோன் மருந்துக்கு மாறலாமா என்று கேள். அதில் இருக்கிற முக்கிய மருந்தை மாதம் ஒருதரம் ஊசியாகப் போடுகிற முறையும் இருக்கு. என்ன செய்தாலும் ஒரேயடியாக விடாதே, ராசா.

சனிக்கிழமை அண்ணா வருகிறான். மிளகாய்த்தூளும் உன் போர்வையும் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முதல் பார்மசியில் நெலொக்சோன் பெட்டி ஒன்று எடுத்து வை, போதைமருந்து கூடி மூச்சு நின்றால் கொடுக்கிற மாற்று மருந்து அது, இலவசம்தான். கூட இருக்கிற பெடியனுக்கு அதை மூக்கில் எப்படி அடிப்பது என்று காட்டிக் கொடு, 911க்கும் எடுக்கச் சொல். கிளினிக்கில் எந்த நாள் தந்தார்கள் என்று எனக்கு மெசேஜ் போடு.

அம்மா